சர்வர் அறையில் வீசிய மலைக்காற்று

போன வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், இரண்டு காரியங்கள் நடந்துகொண்டிருந்தன. காக்ஸ் டவுனில் எங்கள் தேவாலயத்தின் தமிழ் ஆராதனையில் ஒரு சபையே தலைகுனிந்து நின்று, இந்த அடியேனை அலுவலகக் கொடுமையிலிருந்து விடுவிக்கும்படி ஆண்டவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தது. அந்த அடியேன் பெங்களூருக்கு வெளியே ஏதாவது ஒரு பாறையின் உச்சியில் காலை நீட்டி உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அலுவலகத்துக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பூட்டிக் கிடக்கிற, யாரையும் எதற்கும் வற்புறுத்தத் தெம்பில்லாத ஒரு மென்பொருள் கம்பெனி அது. மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று அங்கே விளக்கக் குறிப்புகள் எழுதுகிறேன். யாரும் படிப்பதில்லை என்பதால் பிழைகளைப் பற்றி இதுவரை புகார் வந்ததில்லை.

மலை விஷயம் என் வாயால் வந்தது. மலையேற்றம் பற்றி எனக்கு ஏறக்குறைய எல்லாம் தெரியும். கல்லூரிக் காலத்திலிருந்து படுத்துக்கொண்டே படித்தது. எந்த உயரத்துக்கு மேல் மனிதனுக்கு மூச்சு முட்டும், பனிக்கடியால் கறுத்துப்போன விரலை என்ன செய்வார்கள், கூடாரத்துக்குள் பனியை உருக்கி எப்படி டீ போடுவார்கள், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் பழுதாகும் நாட்களில் இரண்டாவது மாடியில் நின்று, அங்கே குடியிருப்பவர் வாசலில் வைத்திருக்கும் மணிபிளான்ட்டை ஆர்வமாகப் பார்வையிடுவேன். அது மூச்சு வாங்குவதற்கான ஏற்பாடு என்று அவருக்கும் தெரியும்.

ஒருநாள் கேன்டீனில், மதியச் சாப்பாட்டின்போது, இந்தப் படிப்பையெல்லாம் சின்ன வயதுக்காரர்களிடம் அவிழ்த்துவிட்டேன். ஈரோட்டிலிருந்து வந்து எங்கள் டெஸ்டிங் பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் வினை. யாராவது சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் பேச்சைக் கேட்டால் நான் எந்த எல்லைக்கும் போவேன்.

“அப்ப நீங்க நெறைய ஏறியிருப்பீங்களே சார்?” என்றாள்.

“அதெல்லாம் ஒரு காலத்துல...” என்று இழுத்தேன். அந்த இழுப்புக்குள் இமயமலையில் பாதியை அடக்கிவிட்டேன்.

“இந்த ஞாயித்துக்கெழமை நாங்க சாவன்துர்கா போறோங்க சார். நீங்களும் வாங்க. எக்ஸ்பீரியன்ஸ் உள்ள ஆளு ஒருத்தர் கூட இருந்தா எங்களுக்கும் தைரியமா இருக்குங்க.”

மறுக்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பது பிறகுதான் உறைத்தது.

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை வராமலிருப்பது பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் கொயரில், அதாவது பாடகர் குழுவில், இருக்கிறேன். நான்கு குரல்களில் ஆக அடியில் கிடக்கும் கனத்த குரல், பேஸ், என்னுடையது. என் குரலைப் பற்றி இரண்டு விதமான கருத்துகள் உண்டு, ஒன்று என்னுடையது. பேஸ் வரிசையில் நாங்கள் மொத்தமே இரண்டு பேர். இன்னொருவர் என் மனைவியின் அண்ணன். எனக்குக் கல்யாணமான புதிதில் என் கையைப் பிடித்து அந்த வரிசைக்கு இழுத்துப்போய் நிறுத்தியவரே அவர்தான்.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் தனியாக இருக்கிறார். சர்க்கரை நோய் உண்டு. சபையில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், யார் பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை என்றாலும், ஆயரிடம் சொல்வதற்கு முன்னால் மச்சானிடம்தான் சொல்வார்கள். “அண்ணன், ஜெபத்துல வச்சுக்கங்க” என்றால் போதும். நம்மைப் போல ‘கண்டிப்பா’ என்று சொல்லிவிட்டு மறந்துபோகிறவர் இல்லை. அவர் சொன்னால் கேட்கப்படும் என்று சபையில் ஒரு நம்பிக்கை. அதை அவர் நம்பினாரா என்று தெரியாது. ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஒரு களங்கம் வரக்கூடாது என்று மிகவும் ஜாக்கிரதையாக வாழ்ந்தார்.

அவரிடம் போய், ‘மச்சான், இந்த வாரம் பாட வரமாட்டேன், பாறை ஏறப் போகிறேன்’ என்று சொல்லியிருக்கலாம். சிரித்திருப்பார். கொஞ்சம் வருத்தப்பட்டிருப்பார். வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்து படிக்கட்டில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“ஞாயித்துக்கெழம வர முடியாது மச்சான்.”

“ஏன் மாப்ள?”

“ஆபீஸ்.”

ஒரே சொல். சோம்பேறித்தனத்தில் சொன்னது. உண்மையைச் சொன்னால் விளக்க வேண்டியிருக்கும். பொய் சுருக்கமாக இருந்தது.

“ஞாயித்துக்கெழமையுமா? அநியாயம்,” என்றார் மச்சான். அவர் முகத்தில் தெரிந்த இரக்கத்தைப் பார்த்து எனக்கே என்மேல் இரக்கம் வந்தது.

சாவன்துர்கா என்பது மாகடிப் பக்கம் ஒரே கல்லாக நிற்கும் மலை. போகிற வழியைக் காட்டப் பாறையில் வெள்ளை அம்புக்குறிகள் போட்டிருப்பார்கள். முதல் சில அம்புக்குறிகள் வரை அனுபவசாலியாக நடந்தேன். அதற்குப் பிறகு நான்கு காலில் நடந்தேன். ஈரோட்டுப் பெண் மேலிருந்து, “இன்னுங் கொஞ்சந்தாங்க சார்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மோர் விற்கும் அம்மாள் ஒருத்தி தலையில் பானையோடு என்னைக் கடந்து போனபோது, “நிதானா, சார், நிதானா,” என்று கன்னடத்தில் அறிவுரை சொன்னாள். அதைவிட நிதானமாகப் போக வேண்டுமென்றால் நான் படுத்துவிட வேண்டும்.

ஆனால் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். நந்தி மண்டபத்தில் உட்கார்ந்தபோது, கீழே ஏரியும் காடும் யாரோ துடைத்து வைத்ததுபோல் இருந்தன. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காற்று வந்து அதைப் பிரித்தது. ஐம்பது வயதுக்கு மேல் என் உடம்பு எனக்கு ஒரு நல்ல செய்தி சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. படித்த புத்தகங்கள் எதிலும் இது இல்லை. அல்லது இருந்தது, நான் படுத்திருந்ததால் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி சோபாவில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“எங்க அண்ணன்கிட்ட என்ன சொன்னீங்க?”

“ஏன்?”

“சர்ச்ல எழுந்திரிச்சு, என் தங்கச்சி வீட்டுக்காரர ஞாயித்துக்கெழமையும் வேல வாங்குறாங்க, அவரோட மேலதிகாரி மனசு இளகணும்னு எல்லாரும் ஜெபம் பண்ணிக்கங்கன்னு சொன்னாரு. எல்லாரும் கண்ண மூடுனாங்க.”

“நீ?”

“நானும் மூடுனேன். ஜெபம் பண்ண இல்ல.”

‘நீயே அண்ணனிடம் சொல்லிவிடேன்’ என்று கேட்டுப் பார்த்தேன். “பொய் உங்களுது. நான் எதுக்கு அதுக்கு சம்பளமில்லாத வேல பாக்கணும்?” என்று அடுத்த தாளை எடுத்தாள்.

அந்த வாரமே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் மாகளிதுர்கா.

தண்டவாளத்தை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்து, பிறகு ஏற வேண்டிய மலை அது. மேலே இடிந்த கோட்டையும் சின்னக் கோவிலும். உச்சியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மச்சான். ஆராதனை முடிந்த கையோடு கூப்பிட்டிருக்கிறார்.

“மாப்ள, சாப்டீங்களா?”

“ஆச்சு மச்சான்.”

“என்ன அது, ஒரே காத்துச் சத்தம்?”

“சர்வர் ரூம்ல இருக்கேன் மச்சான், பெரிய கம்ப்யூட்டரெல்லாம் வச்சிருக்கற ரூம். ஏசி. பெரிய பெரிய ஃபேன்.”

“அய்யோ, அந்தக் குளிர்லயா ஒக்கார வச்சிருக்காங்க?”

கோவில் மணியை யாரோ அடித்தார்கள். “பக்கத்து சீட் ஆளோட ரிங்டோன்,” என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே. பொய் ஒருமுறை கைவந்துவிட்டால் அது கேள்விக்குக் காத்திருப்பதில்லை.

“மஃப்ளர் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க மாப்ள. தொண்ட கட்டிக்கும். பாடுற தொண்ட.” அடுத்த செவ்வாய்க்கிழமை வீட்டுக்கே ஒரு மஃப்ளர் வந்து சேர்ந்தது. சாம்பல் நிறம். மலை உச்சிகளில் அது மிகவும் உபயோகமாக இருந்தது என்பதை இங்கே வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

இப்படியே மாதங்கள் போயின. சிவகங்கே மலையில் ஒரு குரங்கு என் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய், பாறை விளிம்பில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. வாழைப்பழம் கொடுத்து மீட்டோம். ஸ்கந்தகிரியில் மேகம் எங்களுக்குக் கீழே கிடந்தது. அதைப் பார்த்து நான் கண் கலங்கினேன், வியர்வை என்று சொன்னேன். இடுப்பு பெல்ட்டில் புதிய ஓட்டை போட வேண்டியிருந்தது. லிஃப்ட் வேலை செய்யும் நாட்களிலும் படியில் ஏறினேன். மணிபிளான்ட்காரரை முகம் நிமிர்த்திப் பார்த்து வணக்கம் சொன்னேன். கைப்பேசியில் ஸ்டேட்டஸாகப் படம் போடுவேன், சபைக்காரர்கள் யாரும் பார்க்க முடியாதபடி தடுத்து வைத்துவிட்டு. யாரெல்லாம் பார்க்கக்கூடாது என்று பெயர் பெயராகத் தேர்ந்தெடுத்தபோது ஒருவகையில் சபையில் உள்ள ஒவ்வொருவரையும் நினைத்துக்கொண்டேன். என் பக்தி அந்த அளவில் இருந்தது.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாறையெல்லாம் வழுக்கும் என்று பயணம் ரத்தானது. சரி, போகலாம் என்று தேவாலயத்துக்குப் போனேன். பாடகர் அங்கியை மாட்டிக்கொண்டு மச்சான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என் முழங்கையை ஒருமுறை அழுத்தினார். ஆராதனையின் நடுவே, ஜெபம் கேட்கப்பட்டதற்குச் சாட்சி சொல்கிறவர்கள் சொல்லலாம் என்று ஆயர் கேட்டபோது, மச்சான் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

“நாம கேட்டோம். ஆண்டவர் கேட்டாரு. இதோ நம்ம பிரதர் நிக்கிறாரு,” என்றார். சபை ‘ஸ்தோத்திரம்’ என்றது. பலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வெயிலில் கறுத்துப்போன என் முகத்தைப் பார்த்து ஒரு அம்மாள், “பாவம், எப்படி ஒழச்சிருக்காரு பாரு,” என்று பக்கத்தில் சொன்னது எனக்குக் கேட்டது.

அடுத்த ஞாயிறு வெயில் அடித்தது. நான் அந்தரகங்கே மலைக்குப் போனேன்.

இன்னொருமுறையும் மழை பெய்தது. இன்னொரு சாட்சி சொன்னார். அதற்கடுத்த வாரமும் வானம் தெளிந்தது. இப்படி ஒருவரை ஏற்றி ஏற்றி இறக்குவது எந்த மலையிலும் கிடைக்காத விளையாட்டு. மச்சான் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தன் ஜெபத்தில்தான் ஏதோ குறை என்று முடிவு கட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் எனக்காக உபவாசம் இருக்க ஆரம்பித்தார்.

இதை மனைவி சொன்னபோது ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். சப்பாத்தி கையிலேயே நின்றது.

“சுகர் மாத்திரைய போட்டுட்டு காலைலேர்ந்து பட்டினி கெடக்காரு. சொன்னா கேக்கல. ‘மாப்ள அந்தக் குளிர்ல கெடக்காரு, நான் ஒருவேள சோத்த விடக்கூடாதா’ங்குறாரு.”

“சொல்லிடறேன். இந்த வாரம் சொல்லிடறேன்.”

“போன மாசமும் இதேதான் சொன்னீங்க. எனக்கு அவரு ஒரே அண்ணன்.” அதற்குமேல் அவள் பேசவில்லை. பேசியிருந்தால் சமாளித்திருப்பேன்.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசித்தால், பயம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அது கௌரவமாக இருக்கிறது. உண்மை அதுவல்ல. சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். அவர் போகாதே என்று சொல்ல மாட்டார். ‘போய்ட்டு வாங்க’ என்று சொல்லிவிட்டு அந்த வரிசையில் தனியாகப் போய் நிற்பார். அதைப் பார்த்தபிறகு எனக்கு ஏறக் கால் வராது. ஆகவே என் மலைகளுக்கான விலையாக அவரைப் பட்டினி போட்டேன். ஒரு வாரம் அல்ல, பல வாரங்கள்.

குமார பர்வதத்துக்குப் போக நாங்கள் திட்டமிட்டிருந்த வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், பாடகர் குழுப் பயிற்சியில் மச்சான் மயங்கி விழுந்தார். நான் அங்கே இல்லை. மலைக்குப் போட்டுக்கொள்ள அட்டைப்பூச்சி ஏறாத நீளக் காலுறை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். பாடிக்கொண்டிருந்தபோதே கை நடுங்கியதாம், வியர்த்துக் கொட்டியதாம், பெஞ்சைப் பிடிக்கப் போய்த் தவறிவிட்டார். மேல் குரல் பாடும் ஒரு பெண் தன் பையிலிருந்த டாஃபியைப் பிரித்து அவர் வாயில் போட்டிருக்கிறாள். பிறகு சர்க்கரைத் தண்ணீர், டாக்டர். தலையில் சின்னதாக ஒரு காயம்.

செய்தி கேட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். நெற்றியில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். நான் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மெஷினில் வேலை செய்த கை. உள்ளங்கை இன்னும் தடிப்பாகவே இருந்தது.

“இந்த ஞாயித்துக்கெழமையாவது விட்டாங்களா மாப்ள?” என்றார்.

மனைவி கதவருகில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாக்கலாம் மச்சான்,” என்றேன்.

மறுநாள் காலை குமார பர்வதத்துக்கு வண்டி ஏறினேன். அனுமதிச் சீட்டு கிடைப்பது கஷ்டம், பிள்ளைகள் எல்லாம் என்னை நம்பி இருக்கிறார்கள், அவர் தேறிவிட்டார், டாக்டரே சொல்லிவிட்டார். வண்டியில் இந்தக் காரணங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தேன். ஒன்றும் நிற்கவில்லை, எல்லாம் சரிந்து விழுந்தன.

அதுவரை ஏறியதெல்லாம் மலையே அல்ல என்று குமார பர்வதம் காட்டியது. காடு முடிந்து புல்வெளி. புல்வெளி முடிந்தால் இன்னொரு மேடு. அதற்குப் பின்னால்தான் உச்சி என்று நினைத்தால் அதற்குப் பின்னால் இன்னொன்று. வருடம் முழுவதும் இதற்காகத்தான் கால்களைப் பழக்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை உச்சியில் நின்றபோது சுற்றிலும் வெறும் வெள்ளை. நீட்டிய கை தெரியவில்லை. ஈரோட்டுப் பெண் மஞ்சள் மழைச்சட்டையில் ஒரு கறைபோலத் தெரிந்தாள்.

“செமயா இருக்குல்லங்க சார்?” என்றாள்.

“ஒண்ணுமே தெரியலையேம்மா.”

“அதாங்க சார் செம.”

எனக்கு மஃப்ளரைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. காக்ஸ் டவுனில் இந்நேரம் மன்றாட்டு நேரம். மச்சான் நெற்றியில் பஞ்சோடு எழுந்து நிற்பார். மேலதிகாரியின் மனம் இளக வேண்டும் என்பார். அந்த மேலதிகாரி பெரிய மனதுக்காரர். தான் யாருடைய ஜெபத்தில் வில்லனாக இருக்கிறோம் என்று தெரியாமல் ஒயிட்ஃபீல்டில் தூங்கிக்கொண்டிருப்பார். இளக வேண்டிய மனம் இங்கே, மூடுபனியில், சாக்லேட்டைப் பிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சாக்லேட்டை என்னால் சாப்பிட முடியவில்லை. பையிலேயே போட்டுக்கொண்டு இறங்கினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் மச்சான் வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டுப் படிக்கட்டில் இறங்க முடியாமல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தேன். அவர் தன் பாடகர் அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க மாப்ள. என்ன, கால் இழுக்குது? ஒக்காந்தே வேல செஞ்சா அப்டித்தான்.”

நின்றுகொண்டே சொன்னேன். சாவன்துர்காவிலிருந்து குமார பர்வதம் வரை, சர்வர் அறை, மணி, எல்லாம். சொல்லும்போது அவர் இஸ்திரியை நிறுத்தவில்லை. கையிலிருந்த மடிப்பை முடித்து, ஸ்விட்சை அணைத்து, ஒயரைச் சுற்றி வைத்தார்.

“எல்லா ஞாயித்துக்கெழமையுமா?”

“மழ பெஞ்ச நாள் தவிர.”

“மழ பெஞ்ச நாள்,” என்றார். அங்கியை நீவிவிட்டபடி, “அன்னைக்கெல்லாம் நான் எழுந்திரிச்சு சாட்சி சொன்னேன்,” என்றார்.

“ஆமா மச்சான்.”

“பட்டினி கெடந்தது பரவால்ல. அது எனக்கும் ஆண்டவருக்கும். சாட்சி, சபைக்கு முன்னால சொன்னது. நாளைக்கு ஒரு அம்மா வந்து, என் பிள்ளைக்கு ஆப்பரேஷன், ஜெபத்துல வச்சுக்கங்க அண்ணன்னு சொன்னா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சரின்னு சொல்லுவேன்?”

மன்னிப்பு கேட்டேன். அங்கியை ஹேங்கரில் மாட்டி ஆணியில் தொங்கவிட்டார்.

“கெளம்புங்க சார்,” என்றார்.

சார். இத்தனை வருடத்தில் அவர் வாயில் எனக்கு வராத சொல். அதன்பிறகு அவர் பயிற்சிக்கு வரவில்லை. ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மன்றாட்டு நேரத்தில் எழுந்திருக்கவில்லை. யாரோ ஒருவர் வாசலில் அவரிடம் ஜெபம் கேட்டதற்கு, “ஆயர் ஐயாகிட்ட சொல்லுங்கம்மா,” என்று நகர்ந்துவிட்டார் என்று மனைவி சொன்னாள். நான் ஒரு வருடம் மலை ஏறியதில் கீழே உருண்டு விழுந்தவர் அவர்தான்.

ஆயரிடம் போய், சபைக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும் என்றேன். இளைஞர், எல்லாவற்றையும் சுமுகமாக முடிக்கப் பார்ப்பவர்.

“பாவ அறிக்கைதான் வாராவாரம் எல்லாரும் சேர்ந்து சொல்றோமே பிரதர். அதுலயே அடங்கிடுமே. தனியா எதுக்கு?”

“அதுல மலைன்னு வராது ஐயா.”

யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு, அறுப்பின் பண்டிகை விற்பனைக்குக் காய்கறி கொண்டுவருவது பற்றிய அறிவிப்புக்கும் காணிக்கைக்கும் நடுவே, என்னைக் கூப்பிட்டார்.

பேச்சில் கொஞ்சம் சிரிக்கவைத்துப் பழகியவனிடம் மைக்கைக் கொடுக்கக்கூடாது. தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். “உங்கள் ஜெபம் வீண்போகவில்லை, என் மேலதிகாரி இந்த வருடம் யாரிடமும் கோபப்படவே இல்லை,” என்று ஆரம்பித்தேன். சர்வர் அறைக் கதையைச் சொன்னேன். சபை சிரித்தது. பின்வரிசை வரை சிரித்தது. எனக்கு ஒரு நொடி நன்றாகவே இருந்தது. பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்தேன். எல்லோரும் சிரிக்கிற அந்தக் கதையில் ஏமாந்தவர் ஒருவர் உண்டு. அவர் அங்கே தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதுவரை செய்த எதையும்விட மோசமான காரியத்தை நான் அப்போதுதான் செய்துகொண்டிருந்தேன், மைக்கில்.

மீதி நகைச்சுவையை விழுங்கினேன். “என் மச்சான் இங்க நின்னு சொன்ன சாட்சி பொய் இல்ல. அவர்கிட்ட நான் சொன்னதுதான் பொய். அவர் பட்டினி கெடந்து மயங்கி விழுந்தாரு, அப்புறமும் நான் மலைக்குப் போனேன். உங்களுக்குக் கோவம் வந்தா என்மேல வரட்டும். அவர்கிட்ட ஜெபம் கேக்கறத நிறுத்திடாதீங்க,” என்றேன். இறங்கி வந்து உட்கார்ந்தேன். மனைவி பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். பல மாதங்களுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் சலுகை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் என் தோளைப் பிடித்து, “பிரதர், அந்த சாவன்துர்காவுக்கு பி.எம்.டி.சி. பஸ் போகுதா?” என்று கேட்டார். அவருக்கு வழி சொல்லிக்கொண்டே மச்சானைத் தேடினேன். பக்கவாட்டு வாசலில், சுவரோரம் அவர் நின்றிருந்தார். எதிரே ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியிலேயே அவர் தலையை அசைத்தார். தூரத்தில் இருந்ததால் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஆனால் அவர் நகர்ந்துபோகவில்லை, முழுவதையும் நின்று கேட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு வந்தார். எனக்கும் தனக்கும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு நின்றார். நான் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அவர் நெற்றிக் காயம் ஆறி, ஒரு வெளுத்த கோடு மட்டும் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தீர்களா என்று நாக்கு நுனிவரை வந்தது, கேட்கவில்லை. சட்டைப்பையில் பிஸ்கட் பாக்கெட் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கான பாட்டு. ஒரு வருடமாகச் சரியாகப் பாடாத தொண்டை. எங்கள் வரி வந்ததும் முழு நெஞ்சோடு இறங்கினேன். மலை ஏறிப் பெருத்த நுரையீரல் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியட்டும். ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டார் குழுவை நடத்தும் அம்மையார். மறுபடியும் ஆரம்பித்தோம். மறுபடியும் நிறுத்தினார். யாரையும் பெயர் சொல்லவில்லை. “பேஸ், கொஞ்சம் பாத்துக்கங்க,” என்றார்.

மச்சான் காலி நாற்காலியின் மேல் சாய்ந்து என் பக்கம் குனிந்தார்.

“மாப்ள, ஒண்ணு தெரிஞ்சுக்கங்க,” என்றார், பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “ஒங்களுக்கு ஞாயித்துக்கெழம லீவு கெடைக்கணும்னுதான் நான் உபவாசம் இருந்தேன். கொயருக்குத் திரும்பி வரணும்னு ஒரு தடவ கூடக் கேக்கல.”